ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணம்: மாமாவுக்கு மாப்பிள்ளை விளக்கம்

அம்பத்தூர்,
27-10-1997

போளூரில் இருக்கும் மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை கஜபதி வணங்கி எழுதுவது. இங்கே நானும் புஷ்பாவும் சுகம். மழை பிடித்துக்கொண்டதால் தெருவெல்லாம் தண்ணீர், குழாயில் மட்டும் இல்லை. அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று புஷ்பா கேட்கச் சொன்னாள். நீங்கள் இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படிக்கும்படியும் அவளே சொன்னாள்.

திருவேற்காட்டில் நடந்தது எப்படியோ உங்கள் காதுக்கு எட்டி, "கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிட்டுப் பேக்டரி வேலைக்கே திரும்புங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தோல்வி என்று உங்களிடம் சொன்னவருக்கு விவரம் போதாது. அது வளர்ச்சி, மாமா.

நானும் பூந்தமல்லி சிநேகிதன் உஸ்மான் கனியும் கூட்டாகத் தொடங்கியது கல்யாண மண்டப முன்பதிவு. அவன் அப்பா பந்தலும் சீரியல் லைட்டும் போடுகிறவர் என்பதால் மண்டபக்காரர்கள் எல்லோரும் அவனுக்குப் பழக்கம். பேசுவது அவன் பொறுப்பு, புரோகிராம் எழுதுவது என் பொறுப்பு. பெண்ணைப் பெற்றவர் மண்டபம் மண்டபமாக அலையாமல் எங்கள் கடைக்கு வந்தால் போதும், எது என்றைக்குக் காலி என்று திரையில் வந்துவிடும். கூட்டம் தாங்காமல் பூந்தமல்லியில் இரண்டாவது கடை போட்டு இரண்டாவது கம்ப்யூட்டரும் வைத்தோம்.

இங்கே விற்ற தேதி அங்கேயும் தெரியவேண்டுமே? டெலிபோன் வழியாக இரண்டையும் பேசவைக்க மோடம் வாங்கினோம். ஆனால் எங்கள் டெலிபோன் மாடி வீட்டு பத்மா அக்காவோடு பொது. கம்ப்யூட்டர் பேசும்போது அவர் ரிசீவரை எடுத்துவிட்டு, "இன்னா கஜபதி, உள்ள யாரோ எவன் கழுத்தையோ நெரிக்கிறானுங்கோ!" என்று தெருவையே கூட்டிவிட்டார். மோடம் பரணுக்குப் போனது. அதற்குப் பதிலாக உஸ்மான் கனியே தினமும் சாயங்காலம் அவன் கடைத் தேதிகளை ஒரு பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தான்.

ஒரு நாள் பஸ் வழியில் படுத்துவிட்டது. அவன் மத்தியானம் விற்றிருந்த அதே தேதியை, அதே மண்டபத்தை, சாயங்காலம் நானும் விற்றுவிட்டேன். என் புரோகிராம் அப்போது கொஞ்சம் பெருந்தன்மையானது. ஒரே நாளுக்கு இரண்டு பெயர் வந்தால், பின்னால் வந்தவரை வைத்துக்கொண்டு முன்னால் வந்தவரை மறந்துவிடும். ஆகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஆவணியில், கல்யாணத்துக்கு முந்தைய நாள் பிற்பகல், திருவேற்காட்டு மண்டப முதலாளி கோதண்டம் போன் செய்தார்.

"நைனா, மாப்ள ஊட்டுக்காரங்க வேன்ல வந்து எறங்கிகினு கீறாங்கோ. பின்னாடியே இன்னொரு வேன் வந்துகினு கீது. அதுலயும் ஒரு மாப்ள கீறான். இன்னா கணக்கு இது?"

ஆட்டோ பிடித்து ஓடினேன். வாசலில் கொரட்டூர் வனஜாவின் கல்யாணக் கோஷ்டி ஒரு பக்கம், பூந்தமல்லி ராபியாவின் நிக்காஹ் கோஷ்டி ஒரு பக்கம். நடுவில் உஸ்மான் கனி வெளுத்துப்போய் நின்றான். "மச்சான், ராபியாவோட அத்தா எங்க ஊட்டுக்கு வந்து போற மனுசன்டா. அவரு மூஞ்சில எப்டிடா முழிப்பேன்?" என்றான். வனஜாவின் அப்பா யாரையும் திட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். புஷ்பாவின் கல்யாணத்தன்று நீங்கள் ஓடி ஓடி எல்லோரையும் வரவேற்றது நினைவுக்கு வந்து, அந்த நிமிடம் மட்டும், மாமா, நானும் அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மணப்பெண் அறை அந்த மண்டபத்தில் ஒன்றுதான். கீழே பெரியவர்கள் கத்திக்கொண்டிருந்ததில், இரண்டு பெண்களையும் யாரோ அதே அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் இருவரும் சேர்ந்து மாடிப்படியில் இறங்கி வந்தார்கள்.

"அத்தா, நாங்க பேசி முடிச்சிட்டோம்" என்றாள் ராபியா. "இவுங்களுக்கு காலைல ஆறு மணிக்கு முகூர்த்தம். நமக்கு பதினோரு மணிக்குத்தான். நடுவுல மேடைய கழுவி வுட்டா ஆச்சி."

"பிரியாணி மட்டும் பக்கத்து காலி மனைல போட்டுக்கட்டும்பா" என்றாள் வனஜா. "எழுந்திரிப்பா. மாப்ள ஊட்டுக்காரங்க பாக்குறாங்க."

இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வனஜாவின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்; ராபியாவின் அத்தாவும் தலையை ஆட்டினார். இருட்டுவதற்குள் உஸ்மான் கனியின் அப்பா காலி மனையில் பந்தல் போட்டு லைட்டும் தொங்கவிட்டார். கோதண்டம் மட்டும், "மேடைய கழுவுறதுக்கு ஆளு யாரு?" என்று கேட்டார். மறுநாள் காலை நானும் உஸ்மான் கனியும் வேட்டியை மடித்துக்கட்டிக் கழுவினோம். ஒரு கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் பிரியாணி வாசனையில் இன்னொரு கல்யாணத்துக்கும் தங்கிவிட்டார். ராபியாவின் பெரியப்பா அதிகாலையிலேயே வந்து வனஜா வீட்டுப் பாயசத்தை மூன்றாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டு வீட்டாரும் எங்களைத் திட்டிக்கொண்டேதான் கிளம்பினார்கள். ஆனால் அவர்கள் போய்ச் சொன்ன கதையால்தான் அம்பத்தூர் முதல் திருநின்றவூர் வரை எங்கள் கடையின் பெயர் தெரிந்தது.

இப்போது கம்ப்யூட்டர்கள் பேசுவதற்கென்றே தனி டெலிபோன் லைன் போட்டிருக்கிறோம், மோடமும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. புரோகிராமையும் முழுக்க மாற்றி எழுதிவிட்டேன். ஒரு தேதியை விற்குமுன் இந்தக் கம்ப்யூட்டர் அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்கும். அது "சரி" என்று சொன்னால்தான் இது விற்கும். இனி ஒரே தேதியை இரண்டு பேருக்கு விற்பது நடக்கவே நடக்காது, சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். மண்டபங்களும் இரண்டு மடங்காகிவிட்டன. அடுத்தது செங்கல்பட்டு வரை போவதாக யோசனை. ஆகவே பேக்டரி வேலையைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

அத்தைக்கு எங்கள் வணக்கம். தீபாவளிக்கு உங்கள் ஆசீர்வாதத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
கஜபதி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உஸ்மான் கனி போன் செய்தான். காலையிலிருந்து அவன் கடையில் யாருக்கும் எந்தத் தேதியும் கொடுக்க முடியவில்லையாம்; திரும்பிப் பார்த்தால் இங்கேயும் அதே கதி. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று கேட்டுவிட்டன. மற்றது "சரி" சொல்லட்டும் என்று இரண்டுமே காத்திருக்கின்றன. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று நான் எழுதவில்லை. ஆகவே இப்போதைக்கு இந்தப் பக்கத்தில் யாருக்கும் கல்யாணம் கிடையாது. இரண்டில் ஒன்றை அணைத்தால் சரியாகிவிடும். எதை என்று பேசி முடிக்காமலே இருவரும் போனை வைத்துவிட்டோம். உஸ்மான் கனி சொல்வான் என்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்வேன் என்று அவனும் அங்கே உட்கார்ந்திருக்கிறான் போலிருக்கிறது.