ஆற்றுக்குள் கடை விரித்த ஆல்பம் அண்ணாச்சி

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரை மட்டம் தட்டாமல் ரயிலேறாத ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் ஆல்பம் அண்ணாச்சிதான். மெரினாவைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி இருந்து என்னத்துக்கு, ஒரு வாய் குடிக்க முடியுதா?" என்று கேட்டவர். தாஜ்மகால் முன்னால் நின்று, "சுண்ணாம்பு நல்லா அடிச்சிருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிழல் தேடிப் போனவர். அப்பேர்ப்பட்டவரோடு பாலைவனம் வரைக்கும் போய்விட்டு உயிரோடு திரும்பி வந்த பாவி நான்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்கு வேலை. விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மற்ற ஊர்களில் ஜனவரியில் பிறக்கிற வருடம் எங்கள் அச்சகங்களில் ஆடிப் பதினெட்டிலேயே பிறந்துவிடும். அன்றைக்குத்தான் அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளை எல்லாம் ஆல்பமாகக் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை போட்டு, ஊர் ஊராய் ஆர்டர் பிடிக்கப் போகிறவர்கள் கையில் கொடுப்பார்கள். அண்ணாச்சி இருபத்திரண்டு வருடமாக அந்த ஆல்பத்தை வாங்கி வடக்கே கொண்டுபோனவர். அவருடைய சொந்தப் பெயர் அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர் வீட்டம்மாவே போன் போட்டு, "ஆல்பம் இருக்காகளா?" என்றுதான் கேட்பார்.

மற்ற ஏஜெண்டுகள் ஆல்பத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். அண்ணாச்சி மார்போடு அணைத்துக்கொண்டுதான் நடப்பார். ரயிலில் தலைக்கு வைத்துப் படுப்பார். கக்கூசுக்கும் கூடவே கொண்டுபோவார். டிக்கெட் பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டால் முதலில் ஆல்பத்தைப் பிரித்துக் காட்டுவார். அந்த மனிதர் மயில்மேல் முருகனையும் மகாலட்சுமியையும் பார்த்து முடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் டிக்கெட் வெளியே வரும்.

எழவு வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். ஒருமுறை எம். புதுப்பட்டியில் ஒரு துட்டி. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கிறார்கள். இவர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பி, அச்சகத்தின் பெயரைப் பார்த்துவிட்டு வந்து என் காதில், "மஞ்ச மை பத்தல தம்பி. இவன்கிட்ட அடிச்சா எப்படி வெளங்கும்?" என்றார். செத்துப்போனவருக்கே அதனால்தான் சாவு வந்தது என்கிற மாதிரி ஒரு முகம். நான் வேறு யாரோடோ வந்தவன் போல நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

இந்த வாயோடு வியாபாரம் எப்படி நடக்கும்? வடக்கு லைனில் ஆர்டர் வருடத்துக்கு வருடம் தேய்ந்தது. ஒருவரிடம் அவர் கடையைக் குறை சொல்வார், இன்னொருவரிடம் அவர் ஊரை. அந்த வருடம் ஆடிப் பதினெட்டு பூஜை முடிந்ததும் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க பம்பாயில இருந்தவுக, இந்தி தெரியும். இந்தத் தடவை அண்ணாச்சியோட ஒரு நட போயிட்டு வாங்க. ராஜஸ்தான்ல ஜீரக சேட்டு ஆர்டர் வந்தாகணும். வரலைன்னு வைங்க, அடுத்த ஆடிக்கு ஆல்பம் உங்க கைக்கு வந்துரும்."

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். ஆல்பத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு மனுசன். அதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புரூப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தவன் நான். வடக்கு லைன் என்றால் ஏஜெண்டு என்று ஒரு மரியாதை. அந்த ஆள் அங்கே போய் வழக்கம்போல வாயைத் திறந்தால் போதும், வேலை முடிந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஆல்பம் இல்லாவிட்டால் அண்ணாச்சிக்கு ஊரில் பெயரே கிடையாது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போய் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அண்ணாச்சி ரயிலேறினார். இரண்டு நாளும் சாத்தூர் காராச்சேவைக் கொறித்தபடி, போகிற வழியெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனையும் திட்டிக்கொண்டு வந்தார். கிருஷ்ணா நதி அகலம் அதிகம். கோதாவரிக்குப் பாலம் நீளம். ஜோத்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, அந்தச் சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அனல் முகத்தில் அறைந்தது. நான் துண்டைத் தலையில் போட்டேன். அண்ணாச்சி வானத்தை அண்ணாந்து பார்த்து, "இதைப் போயி வெயிலுங்கிறாகளே, நம்ம ஊருல இதுல காகிதம்கூடக் காயாதே" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சேட்டு நல்ல மனிதர். விருதுநகர் சந்தைக்கு ஜீரகம் அனுப்புகிறவர். தீபாவளிக்குத் தன் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் காலண்டர் கொடுப்பார். குடிக்க மோர் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கள் ஆற்றைப் பார்த்தீர்களா?" என்பதுதான். அந்த வட்டாரத்திலேயே ஆறு இருக்கிற ஊர் அது ஒன்றுதானாம். பெருமை தாங்காமல் எங்களைக் கரைக்கு அழைத்துப் போனார். படித்துறை இருந்தது, படித்துறையில் ஒரு சின்னக் கோயில் இருந்தது, கோயிலுக்குக் கீழே மணல் இருந்தது. அந்த மணலில் நாலு ஒட்டகம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கண்ணுக்கெட்டிய வரை ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

அண்ணாச்சி இடுப்பில் கைவைத்து நின்றார். "ஆறு எங்கன இருக்கு?"

"இதான் அண்ணாச்சி."

"இதுக்கு நம்ம வைப்பாறு தேவலாமே தம்பி. அங்கன சாக்கடையாவது ஓடும். இதைக் காட்டத்தான் வெயில்ல கூட்டிட்டு வந்தானாக்கும்? சொல்லு அவன்கிட்ட."

சேட்டு ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். அப்படியே சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆல்பம் எனக்கு வந்திருக்கும். ஆனால் மோர் கொடுத்த மனிதரிடம் எப்படிச் சொல்ல? "இதைப் பார்த்ததும் சொந்த ஊர் ஆறு ஞாபகம் வந்துவிட்டதாம், நெஞ்சு நிறைந்துவிட்டது என்கிறார்" என்றேன். சேட்டு கண்கலங்கி அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எதுக்குலே கட்டிப்பிடிக்கான்?" என்று அவர் தோளுக்கு மேலாக அண்ணாச்சி என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை ஆல்பம் காட்ட வேண்டும். அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். ஆல்பத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்ட மாட்டார். கட்டை அவிழ்த்து, எல்லாத் தாளையும் வரிசையாகப் பரப்பி, வாடிக்கைக்காரரை நடுவில் நடக்கவிடுவார். "கண்ணு தானா போயி ஒண்ணுமேல நிக்கும், அதுதான் ஆர்டர்" என்பது அவர் சித்தாந்தம். சேட்டு கடையிலோ ஜீரக மூட்டைக்கு நடுவில் கால் வைக்க இடமில்லை. அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். ஆல்பத்தோடு நேராக ஆற்றுக்குள் இறங்கிவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாது. ஆறு என்றால் எங்களுக்குக் கார் நிறுத்துகிற இடம், மொட்டை போடுகிற இடம், பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுக்கிற இடம். இருக்கன்குடியில் லட்சம் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அண்ணாச்சி மணலைத் தட்டிச் சமப்படுத்தி, தாள்களைப் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் கூழாங்கல் வைத்தார். விநாயகரில் ஆரம்பித்து அருவி, மலை, கைக்குழந்தை, கிளி ஜோடி என்று ஆறு முழுக்க வண்ணமாகிவிட்டது.

சேட்டைக் கூப்பிடப் போன நான் கரையில் கூட்டத்தைப் பார்த்தேன். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு, தட்டில் தேங்காய், பூ, குங்குமத்தோடு படித்துறையில் நின்றார்கள். ஒருவர் ஒட்டகங்களை அவசரமாய் மேலே ஓட்டிவந்தார். கிழக்கே மலையில் முந்தாநாள் மழையாம். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர் இன்றைக்கு வந்துவிடுமாம். அதை வரவேற்கத்தான் கூட்டம்.

"அண்ணாச்சி, தண்ணி வரப்போகுதாம், மேல வாங்க!" என்றேன்.

"நம்ம ஊருலயும் இருவது வருசமா வருது வருதுன்னுதான் சொல்றாக. நீ சேட்டைக் கூட்டிட்டு வாலே."

நான் இன்னொரு தடவை சத்தம் போட்டிருக்கலாம். இறங்கிப்போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். செய்யவில்லை. போகட்டுமே என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிடுகிறேன், இத்தனை வருடம் கழித்து மறைத்து என்ன ஆகப்போகிறது?

தண்ணீர் வந்தது. சினிமாவில் வருகிற மாதிரி இரைச்சலோடெல்லாம் இல்லை. யாரோ டீயைக் கொட்டிவிட்டது போல, பழுப்பாய், நுரையும் சுள்ளியும் ஆட்டுப் புழுக்கையுமாய், மணலை நக்கிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி அதைத் திரும்பிப் பார்த்தார். அசையவில்லை. "எவனோ குழாயைத் திறந்து விட்டுட்டு மூடாமப் போயிட்டான்" என்றார். அதற்குள் விநாயகர் நனைந்துவிட்டார்.

பிறகு அவர் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். ஒன்றை எடுத்தால் இரண்டு மிதந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்துவிட்டது. வேட்டியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டாபட்டி டவுசரோடு, மிதந்துபோகிற முருகனைத் துரத்திக்கொண்டு ஓடினார். கரையில் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரே சிரிப்பு. அதற்குள் கரைக்கு வந்துவிட்ட சேட்டு தலையில் கைவைத்துக் கத்தினார். நான் படித்துறையில் நின்றேன். இன்னும் அஞ்சு நிமிடம் நான் அங்கேயே நின்றால் போதும், ஆல்பமும் போச்சு, ஆர்டரும் போச்சு, வடக்கு லைன் எனக்கு.

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, என் ஆல்பம் போகுதய்யா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாயில் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் இறங்கிவிட்டேன். லட்சுமியைப் பிடித்தேன், கிளி ஜோடியைப் பிடித்தேன், முருகனை இரண்டு பேரும் சேர்ந்து மயிலைப் பிடித்து நிறுத்தினோம். ஒரு அருவிப் படம் மட்டும் ஆற்றோடு போய்விட்டது.

கரையேறியதும் அண்ணாச்சி அழுவார் என்று பார்த்தால், சாமி வந்தவர் போல ஆகிவிட்டார். "ஏலே, ஆர்ட் பேப்பர்! காஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும், பொறகு பலகையாத்தான் போகும். ஈரத்தோட பிரிக்கணும்!" என்று கத்தி, கூட்டத்தைப் பார்த்துத் தமிழிலேயே அதிகாரம் பண்ணினார். "ஏம்மா, இங்கன வா. ஓரத்தப் பிடி. நகம் படக்கூடாது. மெதுவா, மெதுவா... ஆங், நீ நல்லா செய்யுற தாயி!" நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் பாதித் தாள் பிரிந்துவிட்டது. ஆற்றுக்குப் பூஜை பண்ண வந்த ஊரே உட்கார்ந்து சாமிகளைப் பிரித்து எடுத்து, சுடுகிற படிக்கட்டில் வரிசையாய்க் காயவைத்தது. கைக்குழந்தைக்கு ஒரு கிழவி நிழல் பிடித்தாள். யாரோ ஒரு பெண் லட்சுமி நெற்றியில் குங்குமமே வைத்துவிட்டாள்.

அரைமணி நேரத்தில் எல்லாம் அப்பளமாய்க் காய்ந்தது. ஓரம் சுருண்டிருந்ததே தவிர ஒரு நிறமும் கலையவில்லை. சேட்டு லட்சுமிமேல் விரலைத் தேய்த்துத் தன் வெள்ளைச் சட்டையில் துடைத்துப் பார்த்தார். சட்டை வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் என்னிடம் சொன்னார்: "வருடத்துக்கு ஒரு தடவை வருகிற ஆறு. இந்தத் தடவை லட்சுமியைக் கொண்டுவந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்?" அவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற கடைக்காரர்களும் ஆளுக்கொரு ஆர்டர் கொடுத்தார்கள்.

ஆர்டர் புத்தகத்தில் கையெழுத்தாகும்போது அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். "தண்ணி பரவாயில்ல. ஆனா கலங்கலா இருக்கு, நம்ம ஊருல இதுல மாடுகூடக் குளிக்காது" என்றார். சேட்டு என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்லித் தொலைக்க? உங்கள் ஆறு நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

சிவகாசிக்குத் திரும்பியதும் அச்சகமே கூடி நின்று கதை கேட்டது. அண்ணாச்சி சொன்ன கதையில் தண்ணீர் கழுத்தளவு வந்தது, அதில் முதலை ஒன்றும் வந்தது, நான் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். முதலாளி கேட்டுவிட்டு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆர்டர் வந்திருச்சு, சந்தோசம். ஆனா அந்தாளு இப்படித் தண்ணிக்குள்ள கடை போடுவாருன்னா, எனக்குப் பயமா இருக்குய்யா. அடுத்த வருசம் நீங்களே அந்த லைனைப் பாக்குறீகளா?"

"வேண்டாம் முதலாளி. அண்ணாச்சியே போகட்டும். இந்திக்கு வேணும்னா நான் கூடப் போறேன்."

"நெசமாவா சொல்றீக? அவரைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதே."

"ஆகாதுதான்" என்றேன். "ஆனா, அவரு இல்லாம அம்புட்டுத் தூரம் ரயில்ல நான் யாரைத் திட்டிக்கிட்டுப் போறது?"