ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு கூடாது

நாற்சந்தியில் வெண்கலக் குதிரைமேல் வாளை ஓங்கியபடி ஒரு தளபதி. உயிரோடிருந்தவரை படைக்கு மட்டும்தான் உத்தரவு போட்டார். செத்துச் சிலையான பிறகு ஊருக்கே போட ஆரம்பித்துவிட்டார். யார் யாரைக் கட்டலாம், வீட்டு வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம், எந்த வழக்கு ஜெயிக்கும், எல்லாம் தளபதி முடிவு. பீடத்திலிருந்து ஒரு தட்டுக் கேட்டால் 'ஆமாம்'. இரண்டு கேட்டால் 'கூடாது'. வாழ்ந்தபோது வாய்கிழியப் பேசிய மனிதருக்கு இப்போது தட்ட மட்டும்தான் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசை போய்விடுமே!

கேள்வியைத் தளபதிக்கு எடுத்துச் சொல்ல ஒரு தூதர் இருந்தார். முன்பு பழைய டயர் விற்றவர். இப்போது பித்தளைப் பொத்தான் கோட்டு, முழங்கால்வரை பூட்ஸ். கேள்வி வந்ததும் பீடத்தின் படியில் குதிகாலை அடித்து ஒரு சல்யூட் வைப்பார். உடனே ஒரு தட்டு. சில கேள்விகளுக்கு மட்டும் இரண்டு சல்யூட். ராணுவ மரியாதையாம். பக்கத்திலேயே தகரப் பெட்டி. எதற்கென்று கேட்டால், "குதிரைக்குத் தீனி வேணாமா?" என்பார். வெண்கலக் குதிரைக்கு! கூட்டமும் தலையாட்டிக்கொண்டே பையைத் துழாவும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர். சர்க்கரை நோயில் கால்விரல் கறுத்துப்போயிருந்தது. விரலை உடனே எடுக்காவிட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர். தளபதியோ இரண்டு தட்டினார். டிரைவர் வீட்டில் படுத்துவிட்டார்.

அவர் மனைவி தார்ப்பாய் தைப்பவள். "ஏங்க, அந்தத் தளபதி டாக்டருக்குப் படிச்சாரா?"

"எத்தனை சண்டை ஜெயிச்சவருடி! அவருக்குத் தெரியாதா?"

"சண்டையில ஊரான் காலை எடுக்கத் தெரியும். உங்க காலைக் காப்பாத்தத் தெரியுமா?"

"நாளைக்கு நீயே வந்து கேளு. அவரு ஆமான்னா எடுத்துக்கறேன்."

"வரேன். நான் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்."

அவள் நேரே தம்பியிடம் போனாள். அவன் நகராட்சிப் பொறியாளன். குதிரையின் பின்னங்காலில் விரிசல் கண்டு, சிலையைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டி, அக்கா தைத்த தார்ப்பாயால் மூடி வைத்திருந்தான். 'தளபதி கூடாரத்தில் இருக்கிறார்' என்று தூதர் அதற்கும் ஒரு கதை கட்டியிருந்தார்.

"பட்டறைக்கு இன்னைக்கே தூக்கணும்க்கா. அந்த ஆளு பக்கத்து ஊர்ல கிளை திறக்கப் போயிருக்கான்."

"தூக்கு. தார்ப்பாய் மட்டும் மூடினது மூடினபடி இருக்கட்டும்."

மத்தியானம் மழை கொட்டியது. தெருவில் ஈ காக்காய் இல்லை. கிரேன் வந்தது, தளபதி குதிரையோடு கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கூட்டம். மச்சான் தோளைப் பிடித்தபடி டிரைவர் நொண்டி வந்தார்.

"தளபதி ஐயா, இவரு விரலை எடுக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

தூதர் இரண்டு சல்யூட் வைத்தார். டொக். டொக்.

"பாத்தியா!" என்றார் டிரைவர்.

"இருங்க. ஐயா, நீங்க குதிரைமேல சௌக்கியமா உக்காந்திருக்கீங்களா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?" தூதர் சிரித்துக்கொண்டே குதிகாலை அடித்தார்.

டொக்.

அவள் கயிற்றை இழுத்தாள். தார்ப்பாய் சரிந்தது. மூங்கில் சாரம் இருந்தது. சாரத்தின்மேல் ஒரு காக்கை இருந்தது. வேறு யாரும் இல்லை.

"தளபதி மறைஞ்சுட்டாரு! அற்புதம்!" என்று ஒருவர் தரையில் விழுந்தார். சிலருக்கு எப்படியும் விழுந்தாக வேண்டும்.

தூதருக்குக் கால் உதறியது. பூட்ஸ் படியில் தாளம் போட்டது. பீடமும் விடாமல் டொக் டொக் டொக் டொக் என்றது.

"இது ஆமாவா, கூடாதா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

விளக்குக் கம்பிக்காகப் பீடத்தின் பின்புறம் வைத்திருந்த இரும்புக் கதவைத் தம்பி திறந்தான். உள்ளே மரச்சுத்தியலும் கையுமாக, வியர்த்து வழிந்தபடி தூதரின் மைத்துனன்.

"என்ன மாமா, ஒரு கேள்விக்கு இத்தனை சல்யூட்டா? கை வலிக்குது!"

டிரைவர் பீடத்தைப் பார்த்தார். கறுத்த விரலைப் பார்த்தார். "மச்சான், ஒரு ஆட்டோ கூப்பிடு. ஆஸ்பத்திரிக்கு."

ஆட்டோ கிளம்பும்போது, காலிப் பீடத்தின்முன் வரிசை கலையாமல் நின்றவர்களில் ஒருவர் பரிதாபமாகக் கேட்டார்: "அப்போ நாங்க இனிமே யாரைக் கேக்கறது?"

மனைவி வெளியே தலையை நீட்டினாள்.

"உங்க தலையைத் தட்டிப் பாருங்க. உள்ளே ஏதாவது இருந்தா பதில் வரும்."