சாப்பிட்ட பிறகு பிரிக்கவும்

கோயமுத்தூர்,
வெள்ளிக்கிழமை.

காங்கேயம் எண்ணெய் ஆலை உரிமையாளர், மதிப்பிற்குரிய மைத்துனர் குமாரசாமி அவர்களுக்கு, வழக்கறிஞர் தனபால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் தங்கையும் இங்கு நலம். அங்கு அனைவரும் நலமென்று தங்கள் தங்கை வாயிலாக அறிகிறேன். ஐந்தாண்டுகளாகத் தாங்கள் என்னோடு பேசாதிருப்பதால் நேரடிச் சாட்சியம் ஏதும் என்னிடம் இல்லை.

தங்கள் மகள் லோகப்பிரியா என் அலுவலகத்தில் லீகல் செக்ரெட்டரியாகச் சேர்ந்து நாளையுடன் மூன்று மாதம் நிறைவடைகிறது. அதற்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் ஊர் திரும்பி ஆலையைக் கவனிக்க வேண்டும் என்பது தாங்கள் விதித்த நிபந்தனை. அதில் அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. தன் பெயரும் பதவியும் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்றை இப்போதே செய்து, மை படாமல் மேசையில் வைத்திருக்கிறாள். அவள் வந்த பிறகு ஒரு வழக்குக் கட்டும் காணாமற்போனதில்லை, ஒரு வாய்தாவும் தவறியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பின்வரும் சங்கதிகளை மறைப்பது என் தொழிலுக்கு அழகன்று.

சோமனூரில் என் கட்சிக்காரர் ஒருவருக்குப் பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்தால் தூக்கமில்லை. கூடத்தின் உரிமையாளர் திருமலைசாமிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள், ஆனால் அதற்கு முன்பே அவரைப் போனில் அழைத்து, "ஏனுங்கண்ணா, நாளைக்கு எங்க ஆபீசுல இருந்து ஒரு கவரு வருமுங்க. பாத்ததும் பதறிப்போடாதீங்க. சாப்டுபோட்டு நெதானமாப் பிரிங்க" என்றிருக்கிறாள். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்புமென்று பதினான்கு பத்தியில் நான் வாதம் தயாரித்து வைத்திருக்க, அவரோ ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நேரில் வந்து, "வக்கீலய்யா, இத்தன மருவாதியா எம்மேல யாரும் கேஸ் போட்டதில்லீங்க. பத்து மணிக்கு மேல தறிய நிறுத்திக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினான்கு பத்தியும் என் மேசையில் கிடக்கிறது.

இதையாவது பொறுக்கலாம். சூலூர் வரப்புத் தகராறில், இவள் போன் செய்ததும் எதிர்த்தரப்புக்காரர், "அப்படீங்களா அம்மணி, நல்ல வக்கீலா ஒருத்தரச் சொல்லுங்க" என்று கேட்க, இவள் என்னையே சொல்லிவிட்டாள்! மறுநாள் வாதியும் பிரதிவாதியும் என் அலுவலக பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே வழக்கறிஞர் இரு தரப்புக்கும் ஆஜராக முடியாததன் காரணங்களை நான் நின்றுகொண்டே விளக்கி முடிப்பதற்குள், சர்வேயரை வெச்சு அளந்துக்கலாம்னு பேசிப்போட்டு ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிட்டாங்க, மச்சான்!

அவளை அழைத்து விளக்கம் கேட்டேன். தலை குனியாமல் சொன்னாள்: "உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகைய எங்கப்பாவுக்கு நேர்ல வந்து வெக்காம ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனீங்கல்லீங்க மாமா? அதுக்கே அஞ்சு வருசமாப் பேச்சில்லை. கல்யாணத் தபாலுக்கே அஞ்சு வருசம்னா, கேஸ் தபாலுக்கு எத்தனை வருசமுங்க?"

தங்கள் கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை இன்றும் என்னிடம் பத்திரமாக உள்ளது. ஆயினும் அக்கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வி கேட்கும் செக்ரெட்டரியை எந்த வழக்கறிஞரும் வைத்துக்கொள்வது உசிதமன்று. ஆகவே, ஞாயிறன்று நேரில் வந்து அவளை அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு எங்கள் ஆசிகள் என்றும் உண்டு. அவற்றுக்குக் காலவரம்பு கிடையாது.

இப்படிக்கு,
தனபால்

பின்குறிப்பு: இக்கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, தபாலில் சேர்க்க லோகப்பிரியாவிடமே கொடுத்தேன். உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியாது. மேலே தங்கள் முகவரியைப் பார்த்ததும் வழக்கப்படி போனை எடுத்து, "அப்பா, மாமா ஒரு கவரு அனுப்பறாருங்க. பதறாதீங்க, சாப்டுபோட்டுப் பிரிங்க" என்றாள். தாங்கள் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, ஐந்தாண்டுக்குப் பின் முதல் சொல்லாக, "சாப்டாச்சுங்களா மாப்ளை?" என்று கேட்டீர்கள். அத்தோடு என் தரப்பு வாதம் முடிந்தது. உறையைத் திரும்ப வாங்கிப் பிரித்து இதை எழுதுகிறேன். மேற்கண்ட கோரிக்கையை இதன்மூலம் முற்றாகத் திரும்பப் பெறுகிறேன், வேலை நிரந்தரம். அடியில் தாங்கள் காண்பது அவளுடைய முத்திரையின் முதல் பதிவு. சற்றுத் தலைகீழாக விழுந்துவிட்டது, பரவாயில்லை. கையொப்பமிட்ட ஆவணத்தை அழிப்பது என் வழக்கமன்று என்பதால், ஞாயிறன்று தங்கள் தங்கையையும் அவளையும் கூட்டிக்கொண்டு, இதை நானே காங்கேயம் கொண்டு வாரேன். சாப்பிட்ட பிறகு பிரிப்போம்.