ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய பட்டன்

ஒரு பெண்ணின் அப்பா, இடுப்பில் துப்பாக்கியைச் சொருகிக்கொண்டு, உங்களை நோக்கி நடந்து வந்திருக்கிறாரா? அதுவும் அந்தப் பெண்ணின் கல்யாணத்தன்று, சாப்பாட்டுப் பந்தல் புகைந்துகொண்டிருக்கும்போது? இல்லையென்றால் கன்ட்ரி ராக் இசை பற்றி என்னிடம் பேசாதீர்கள். நான் அந்தத் துறையில் இருந்தவன். (ஒரே ஒரு மத்தியானம்தான். அதனாலென்ன, இருந்தவன் இருந்தவன்தான்.)

தொண்ணூற்றெட்டில் டெக்சஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். வார இறுதியில் ஆலன் என்ற ஊரில் அக்கா வீட்டுச் சாப்பாடு, அக்கம்பக்கத்துத் தமிழ்க் கல்யாணங்களில் கீபோர்டு. அங்கே நாதஸ்வரக்காரருக்கு எங்கே போவது? கேசட்டிலிருந்து கெட்டிமேளத்தை கீபோர்டில் ஏற்றி, ஒரே பட்டனில் வைத்திருந்தேன். அவசரத்தில் தடுமாறக் கூடாது என்று அக்கா அந்தப் பட்டன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டாள். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அபசகுனப் பேச்சோ யார் காதிலும் விழக் கூடாது. அதற்குத்தானே கெட்டிமேளம்? ஐயர் கையைத் தூக்கும்வரை நான் காத்திருப்பதில்லை. எவனாவது மூக்கைச் சுளித்தால் போதும், என் விரல் பொட்டில் இருக்கும். அப்படி ஒரு ட்ரெய்னிங்.

அப்போதுதான் கேம்பஸ் நோட்டீஸ் போர்டில் அந்த விளம்பரம். கன்ட்ரி ராக் பேண்டுக்கு கீபோர்டு வாசிக்க ஆள் தேவை, சொந்த கீபோர்டு அவசியம். இரண்டாவது தகுதி என்னிடம் பிரமாதமாக இருந்தது. பேண்டின் தலைவன் டேல், தாடியும் தொப்பியுமாக ஒரு மலை. "சனிக்கிழமை ராஞ்ச்ல ஒரு கல்யாணம். சொதப்பாம வாசிச்சா நீ பெர்மனென்ட்" என்றான். (அவன் பேசியது டெக்சஸ் இங்கிலீஷ். என் மண்டைக்குள் எல்லாம் தமிழில்தான் ஓடும்.) பெர்மனென்ட் ஆவதற்கு முன்பே, ராக் ஸ்டார் ஆகிவிட்டதாக கோயமுத்தூர் காலேஜ் கூட்டம் முழுவதற்கும் ஈமெயில் தட்டிவிட்டேன். இனி சொதப்ப வழியே இல்லை.

எனக்குக் கார் கிடையாது. அக்கா வீட்டுக்காரர்தான், அதாவது மச்சான்தான் கூட்டிப் போனார். க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிய நாளிலிருந்து ஃப்ரீவேயில் சைக்கிள் வேகத்தில் போகிற மனிதர். ராஞ்ச் என்கிற குதிரைப் பண்ணை வாசலில் பெண்ணின் அப்பா நின்றிருந்தார்.

"மாப்ள, அந்தாளு இடுப்பப் பாத்தியா?"

"டெக்சஸ்ல அது பெல்ட் மாதிரி மச்சான்."

"பெல்ட் வெடிக்காதுடா!"

கீபோர்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டேல் குனிந்து ரகசியம் சொன்னான். "பொண்ணோட பழைய பாய்ஃபிரெண்டு வர்றானாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு பாஸ்டர் கேக்கறப்ப எந்திரிச்சு கத்தப் போறேன்னு சொல்லிட்டுத் திரியறான். பொண்ணோட அப்பா ரெடியாத்தான் இருக்காரு. நீ பாட்டுக்கு வாசி."

நீ பாட்டுக்கு வாசியாம்! நாம் ஆட்சேபணையை அமுக்க மேளமே வைத்திருக்கிறோம். இவர்கள் என்னடாவென்றால் மைக் வைத்துக் கேட்டு வாங்குகிறார்கள்.

மச்சான் கண்ணாலேயே அளந்தார். "அந்தப் பக்கம் அப்பன், இந்தப் பக்கம் கூட்டம். நடுவால உன்ன உக்கார வெச்சிருக்கான். குண்டு போற ரூட்டுடா இது. நாளைக்கு சாட்சின்னு என் பேரு வந்தா க்ரீன் கார்டு அம்போ. எவனாவது கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லிரு."

"அப்ப நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"அதெல்லாம் உயிரோட இருந்தா பாத்துக்கலாம்."

பெண் நடந்து வரும்போது வாசித்தேன். மூன்றே ஸ்வரக்கூட்டு, ஒன்றும் பிசகவில்லை. டேல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பெர்மனென்ட்! என்று மனசு துள்ளிய அதே நொடியில் பாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பெண்ணின் அப்பா கை இடுப்புக்குப் போனது. பின்வரிசைக்குப் பின்னாலிருந்து ஒருத்தன், சிவந்த முகம், கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து வாயைத் திறந்தான்.

என் விரல் என்னைக் கேட்கவில்லை.

ஆளுயர ஸ்பீக்கர்களில் தவில் வெடித்தது. நாதஸ்வரம் டெக்சஸ் வானத்தைக் கிழித்தது. கட்டியிருந்த குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கின. நிறுத்தப் போன விரல் அவசரத்தில் வால்யூமை ஏற்றிவிட்டது. டேலின் வாய் அசைந்தது, ஓடி வந்தவன் வாயும் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்டர் வெலவெலத்துப் போய், மிச்சத்தை சைகையிலேயே நடத்தி மோதிரம் மாட்ட வைத்துவிட்டார். மேளம் அடங்கியபோதுதான் ஓடி வந்தவன் கத்தியது காதில் விழுந்தது.

"தீ! தீ!"

அவன் பாய்ஃபிரெண்டு இல்லை. பிரிஸ்கெட் மாட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்த சமையல்காரன். அடுப்பிலிருந்து பந்தலுக்குத் தீ தாவியதைச் சொல்ல வந்தவன் வாயைத்தான் நான் அடைத்திருக்கிறேன். எல்லோரும் ஓடினார்கள். ஹோஸ், வாளி, பீர், கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊற்றி அணைத்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. விருந்தில் கேக் மட்டும் மிச்சம்.

பெண்ணின் அப்பா என்னை நோக்கி நடந்து வந்தார். மச்சானைத் தேடினேன். தூரத்தில் காருக்குள், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வழுக்கை தெரிந்தது.

"என்ன சத்தம் அது?"

"எங்க ஊர் வழக்கம் சார்... கல்யாணத்துல யாராவது ஏடாகூடமா ஏதாவது சொன்னா... யார் காதுலயும் விழாம இருக்க..."

அவர் கரிந்த பந்தலைப் பார்த்தார். கேக் ஊட்டிக்கொண்டு சிரிக்கும் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டேல் வந்து என் ஒயர்களை அவனே சுருட்டிக் கொடுத்தான். அவ்வளவு நேர்த்தியாக யாரும் சுருட்டி நான் பார்த்ததில்லை.

"அப்ப... பெர்மனென்ட்?" (கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன்!)

"கிளம்பு" என்றான்.

பழைய பாய்ஃபிரெண்டு கடைசிவரை வரவே இல்லை.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் மச்சான் எதற்காவது ஆட்சேபணை சொல்ல வாயைத் திறந்தால், அக்கா ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு பட்டனை அமுக்குவாள். அவர் கப்சிப். அவர்கள் பெண், எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், தோசை கருகி ஸ்மோக் அலாரம் அடித்தால் மட்டும் சுத்தத் தமிழில் கத்துவாள்: "கெட்டிமேளம்!"

கீபோர்டு இப்போது ஆலனில், அக்கா வீட்டு கராஜில் இருக்கிறது. அடாப்டர் மச்சானிடம்.