கரை தாண்டாத கப்தான்

ராயபுரத்தில் அந்தக் காலத்தில் மூன்று கப்பல்களுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கடல் என்றாலே ஆகாது. மழைக்காலத்தில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால்கூட, அது வடியும்வரை வேலைக்கு லீவு போட்டுவிடுவார். இப்படி ஒரு கப்பல்காரர் உலகத்தில் வேறெங்கும் பிறந்ததில்லை என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

பெயர் என்ன என்று கேட்காதீர்கள். நானும் அவருமாக ஆறு குடித்தனம் இருந்த அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கேப்டன் என்பதை அன்றைய ராயபுரம் கப்தான் என்றுதான் சொல்லும். ஆகவே அவர் கப்தான். பக்கத்து மரவாடியில் மரம் அளக்கிற உத்தியோகம். மிஞ்சிய நேரமெல்லாம், நூறு வருஷத்துக்கு முன்னால் ஓடிய பாய்மரக் கப்பல்களை இரண்டு முழ நீளத்தில், ஆணி முதல் ஏணி வரை அச்சு அசலாக மரத்தில் கட்டுவார். பொம்மை என்று அவர் காதுபட நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

காசிமேட்டு மீன்காரர்களுக்கு அவரைக் கண்டால் கொண்டாட்டம். "இம்மாங் கப்பல் கட்றியே கப்தான், ஒரு தபா கடலுக்கு வாயேன்" என்று ஒருநாள் குண்டுக்கட்டாகத் தூக்கிப் படகில் உட்கார வைத்துவிட்டார்கள். கப்தான் இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். தலை சுற்றியது. வாந்தி எடுத்தார். "அய்யோ, கரைக்கு வுட்ருங்கடா!" என்று அலறினார்.

"கண்ணத் தொற மாமு. படகு இன்னும் மணல்லதான் கீது" என்றான் படகுக்காரன்.

கடலே ஆகாதவருக்குக் கப்பல் எதற்கு என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "யானைய வேடிக்க பாக்றவன்லாம் அதும் மேல ஏறி ஒக்காரணும்னு சட்டமா கீது?" என்றார்.

கப்பலுக்கு வேண்டிய மெல்லிய கயிறு கடையில் கிடைக்காது. அவரே திரிப்பார். தையல் நூலில் மூன்று இழை எடுத்து, எங்கள் நடையின் இந்தக் கோடியில் ஓர் ஆணியில் கட்டி, அந்தக் கோடியில் நின்று ஒரு கைராட்டினத்தால் முறுக்குவார். நூல் இடுப்பு உயரத்தில் ஓடும். குழாய்க்கும் குளியலறைக்கும் அந்த நடை ஒன்றுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிக் குடித்தனம் இந்தப் பக்கமும் பாதிக் குடித்தனம் அந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளும்.

"யோவ், கொடம் கனக்குது, வழி வுடுய்யா!" என்று முனியம்மா கத்துவார். அடுத்த அறைக்காரர், மீன் விற்கிற அம்மாள். அவர் குரலுக்குத் தெருவே ஒதுங்கும், கப்தான் மட்டும் ஒதுங்கமாட்டார்.

"இன்னும் நூறு முறுக்குதான். தொட்டுடாத முன்யம்மா, அவுந்துபூடும்."

"ஒன் கப்பல்ல இடி வுய!"

"வுயட்டும். கயிறு அறுவாது."

எனக்கும் அவருக்கும் சிநேகிதம் ஒரு கிழிந்த இங்கிலீஷ் புத்தகத்தால் வந்தது. எந்தக் கயிறு எங்கே போகிறது என்று அதில் படம் போட்டு எழுதியிருக்கும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துச் சொல்லவேண்டும். கயிறுகளின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் தெரிந்தவர்களின் பெயரையே வைத்துவிட்டார். எப்போதும் விறைப்பாக நிற்கிற கயிறு முனியம்மா. எத்தனை இழுத்தாலும் தொய்ந்துபோகிற கயிறு வீட்டுச் சொந்தக்காரர். "முன்யம்மா அறுந்தா மரமே சாஞ்சுடும் நைனா" என்று அவர் பயபக்தியோடு சொன்னதை நான் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை.

ஒரு தீபாவளிக்கு என் புது வேட்டியைப் பிரித்தால், நடுவில் ஒரு சன்னல். துணி கப்பலில் பாயாக உப்பிக்கொண்டிருந்தது, அதுவும் தேயிலைத் தண்ணீரில் ஊறிப் பழுப்பாக. "மன்ச்சிக்க நைனா. கடத்தெரு பூரா தேடிட்டேன், ஒன் வேட்டி மாதிரி மெல்லுசு எங்கியும் இல்ல" என்று என் ரசனையைப் பாராட்டினார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் என் பிழைப்பே போய்ச் சிக்கியது.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் கம்பெனியில் நான் குமாஸ்தா. துரையின் அறை வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. கம்பெனியின் முதல் கப்பலைப் போல சீமையில் செய்து அனுப்பியது. துரைக்கு அது குலதெய்வம் மாதிரி. அந்த வருஷம் ஆயுதபூஜைக்குத் துரை கல்கத்தா போயிருந்தார். நாங்கள் டைப் மிஷின், தராசு, பேரேடு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். "நமக்குச் சோறு போடறதே கப்பல்தானே, அதுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?" என்று என் வாயில் சனி உட்கார்ந்து பேசியது. பெட்டியைத் திறந்து, கப்பலின் மூக்கில் பொட்டு வைத்து, நடு மரத்தில் ஒரு சாமந்தி மாலையும் போட்டேன்.

பூஜை முடிந்து மாலையை எடுக்கும்போது அதன் நார் கயிற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். மாலை வந்தது. மூன்று பாய்மரங்களும் கூடவே முறிந்து வந்தன.

துரை திங்கட்கிழமை வருகிறார். மை கொட்டியதற்கே ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய மகானுபாவர். எனக்கோ மனைவி ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள். சம்பளத்தை விட்டால் வேறு வரும்படி கிடையாது. வேலை போனால் நடுத்தெருதான்.

கப்பலைப் போர்வையில் சுற்றி, ஜட்காவில் மடிமேல் வைத்துக்கொண்டு ராயபுரம் வந்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சினேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா சாமி, பொறந்த கொயந்தயா?" என்றார். ஆமாம் என்றேன்.

கப்தான் முறிந்த மரத்தை நிமிர்த்திப் பிடித்து, ஏற இறங்கப் பார்த்தார். மரம் முறிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இன்னா நைனா இது? பாயெல்லாம் முன்னால உப்பிகினு கீது. அப்ப காத்து பின்னாலேர்ந்து வர்து. கொடி மட்டும் பின்னால பறக்குதே, அதுக்கு மட்டும் வேற காத்தா?"

"கப்தான், தலை போற சமயத்துல கொடியா முக்கியம்? பழையபடி அப்படியே இருக்கணும். துரை கண்டுபிடிச்சா என் வேலை போச்சு. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"காலப் புடி, கையப் புடி. கொடி முன்னாலதான் பறக்கும். இல்லாங்காட்டி தூக்கினு போ."

தூக்கிக்கொண்டு எங்கே போவது? விட்டுவிட்டு வந்தேன்.

பூஜை விடுமுறை மூன்று நாளும் கதவைச் சாத்திக்கொண்டார். என்னை உள்ளே விடவில்லை. முனியம்மாதான் சோறும் மீன்குழம்பும் சன்னல் வழியாகக் கொடுத்தார். "துன்னுட்டு சீக்கிரம் முடிச்சுக் குடுய்யா. அந்தப் புள்ள மூஞ்சப் பாத்தாலே பேஜாராக் கீது" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஞாயிறு சாயங்காலம் கதவு திறந்தது. கப்பல் மூன்று மரமும் முழுசாக, கயிறும் பாயுமாக ராஜா போல நின்றது. கொடி, நான் கெஞ்சியதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, முன்னால் பறந்தது.

திங்கட்கிழமை துரை தனியாக வரவில்லை. துறைமுகத்தில் வந்து நின்ற ஒரு கப்பலின் கேப்டனும், வெள்ளைத் தாடிக் கிழவர், கூட வந்தார். இருவரும் நேரே பெட்டிக்கு முன் போய் நின்றார்கள். கிழவர் குனிந்து பார்த்தார். கடகடவென்று சிரித்துத் துரையின் முதுகில் ஒன்று வைத்தார். "இத்தனை வருஷமாக நான் கேலி செய்த கொடியை ஒருவழியாகத் திருப்பிவிட்டாயா! நல்ல காரியம் செய்தாய்" என்றார் இங்கிலீஷில்.

துரை கொடியைப் பார்த்தார். வியர்த்து வழிந்த என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமாம், நான்தான் செய்யச் சொன்னேன்" என்றார். அப்படிச் சொன்ன மனுஷர் அதற்குமேல் யாரைப் போய் என்னவென்று விசாரிப்பார்? கடைசிவரை விசாரிக்கவேயில்லை.

சாயங்காலம் ஒரு பொட்டலம் அல்வாவோடு ஓடினேன். கப்தான் இன்னும் மரவாடியிலிருந்து வரவில்லை. கதவு திறந்தே கிடந்தது. மூலையில், துரையின் கப்பல் அளவுக்கே அவர் நாலு வருஷமாகக் கட்டி, முடிக்கிற தறுவாயில் வைத்திருந்த கப்பல் துணி மூடிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு கயிறு இல்லை. நாலு வருஷ வேலை மூன்று நாளில் எப்படி முடிந்தது என்று, மடையன், நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

கப்தான் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா நைனா, வேல கீதா, பூட்ச்சா?"

"இருக்கு."

"அப்பால இன்னாத்துக்கு அழுவுற?"

"நாலு வருஷம், கப்தான்!"

"அதுக்கின்னா? மரவாடில மரமா இல்ல? அல்வாவ எடு, பசிக்குது."

அந்த வேலையில் நான் முப்பது வருஷம் இருந்தேன். மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கு எழுதுகிறேன்: கப்தான், எங்கள் வீட்டு உலையில் அத்தனை வருஷமும் கொதித்தது நீங்கள் போட்ட அரிசி.