கோட்டோரத்து முட்டு மாமா

கால்பந்து மைதானத்துக்குள் ஆடப்படும் விளையாட்டு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்த ஆள் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அசல் ஆட்டம் நடப்பது சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே. அங்கே ஆடுகிற இனத்துக்குக் கோட்டோர அப்பா என்று பெயர். எல்லா ஊரிலும் விளையும். எந்த வெயிலையும் தாங்கும். மழை வந்தால் குரல் இன்னும் கொஞ்சம் கூடும். காலுக்கு வேலை கிடையாது. தொண்டைக்குத்தான்.

இந்தக் கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அணிப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது: முட்டு மாமா. பந்து தரையை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டால் போதும், "முட்டு! முட்டு! தலையக் குடு!" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்து மைதானத்தில் ஆடுகிற பிள்ளைகளும் ஒரு கணம் தலையைக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையானால் மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார், விரிப்பார், தூசி தட்டுவார், தண்ணீர் பாட்டிலை அதன் மேல் உட்கார வைத்துவிட்டுத் தாம் நிற்பார். ஆட்டம் தொடங்கும்போது கோட்டுக்கு ஓரடி வெளியே; சற்று நேரத்தில் கோட்டின் மேல்; நடுவர் விசில் ஊதித் துரத்தும்போது உள்ளே. வீட்டில் அவர் மனைவி ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்க மாட்டார். ஷூ முனையில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்து, "இன்னைக்கும் உள்ள போயிட்டீங்களா?" என்பார். அவ்வளவுதான்.

இவர் எப்போது ஆடினார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் போச்சு. "எங்க காலத்துல தோல் பந்துங்க. மழைல நனைஞ்சா கருங்கல்லு. அதையே மண்டையால தள்ளினோம். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?" என்பார். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடுகிற மனிதர் இப்படிக் கேட்டால் நமக்கு என்னமோ தோன்றும். ஆனால் பாவம், பந்தின் மேல் பழி போடக் கூடாது. பள்ளி அணியில் அவர் எந்நாளும் மாற்று ஆட்டக்காரர். ஒரே ஒரு தடவை இறக்கினார்கள். அவர் லேஸ் கட்டிக்கொண்டு உள்ளே போனதும் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடவே கிடைக்காதவர் என்ன சொல்வார்? மகள் ஆட்டம் கோணல் என்பார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பின்வரிசையில் நின்று தடுக்கிறவள். இந்த வருஷ ஆட்டங்கள் தொடங்கும் முன் பயிற்சியாளர் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். வார நாட்களில் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்காரும் பெண். பிள்ளைகளுக்கு அவர் கோச் அக்கா. "நம்ம பிள்ளைங்க பந்தைத் தலையால முட்ட வேண்டாம். கழுத்து இன்னும் கெட்டிப்படல, மூளை வளர்ற வயசு. தலைல அடிபட்டுட்டா சந்தேகமே வேண்டாம், வெளிய வந்துடணும். அன்னைக்குத் திரும்ப ஆட்டம் கிடையாது" என்றார். முட்டு மாமா கையைத் தூக்கினார்.

"அப்போ தலை எதுக்கும்மா இருக்கு?"

"யோசிக்கிறதுக்கு, சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு மனைவி கேட்டார்: "கடைல ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காகிதம் வைக்காம அடுக்கினா ஊரையே கூட்டுறீங்க. பெத்த பொண்ணு மண்டைன்னா மட்டும் முட்டு முட்டுங்கறீங்களே?"

"அது கண்ணாடி, உடையும்."

"இது?"

"இது நம்ம வீட்டுத் தலை!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சாவியைத் தேடப் போனார்.

அப்புறம் அரையிறுதி ஆட்டம் வந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், எதிரணியின் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, அன்றைக்கு முன்னே ஏறிப் போயிருந்த மகளின் முழங்காலில் இடித்து உள்ளே போயிற்று. அவள் உதைக்கவில்லை, குறிபார்க்கவில்லை, திரும்பி நிற்கக்கூட இல்லை. ஆனாலும் கோல் கோல்தானே! மூன்று வருஷமாக அவள் போடாத கோல். முட்டு மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மனிதரைக் கட்டிப்பிடித்து முதுகில் நாலு தட்டுத் தட்டினார். அவர் எதிரணிப் பெண் ஒருத்தியின் அப்பா.

அந்த ஜோரில்தான் அது நடந்தது. பந்து உயரமாக வந்தது. "விடு, கீழ வரட்டும்!" என்று கோச் அக்காவின் குரல். "முட்டு!" என்று அப்பாவின் குரல். மகள் ஒரு கணம் தயங்கினாள். இரண்டில் எது பெரிய குரல் என்று உங்களுக்கே தெரியும். குதித்தாள். எதிரணிப் பெண்ணும் குதித்தாள். இரண்டு தலைகளும் மோதிய சத்தம் கோடு வரைக்கும் கேட்டது.

எதிரணிப் பெண் புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதுதான் முறை. இவளோ தானே எழுந்தாள், சட்டையைத் தட்டிக்கொண்டாள், அப்பா பக்கம் பார்த்து, "ஒண்ணுமில்லப்பா!" என்றாள்.

"பாத்தீங்களா? இரும்பு!" என்றார் முட்டு மாமா, நாலா பக்கமும் திரும்பி. "ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சா போதும். ஆட்டத்த நடத்துங்க!"

கோச் அக்கா நடத்தவில்லை. அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, எதிரே மண்டி போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார். இங்கேதான் நம்மவர் இந்த இனத்துக்கே உரிய காரியத்தைச் செய்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? கோச் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியா?"

பின்னால் இரண்டு விரல்கள் எழும்பின.

"ரெண்டாவது" என்றாள் மகள்.

"போன வாரம் யாரோட ஆடினோம்?"

பின்னால் முட்டு மாமா தம் சட்டையில் இருந்த மஞ்சள் கோட்டைச் சுரண்டிச் சுரண்டிக் காட்டினார்.

"மஞ்சச் சட்டைக்காரங்க."

கோச் அக்கா திரும்பினார். "சார், இது பள்ளிக்கூடப் பரீட்சை இல்ல. பாஸ் பண்ணி என்ன செய்யப் போறா?"

"இல்லம்மா, கொஞ்சம் பதட்டம் அவளுக்கு. சின்னதா எடுத்துக் குடுத்தா..."

"தள்ளி நில்லுங்க சார்." அவர் தள்ளி நின்றார். கோச் அக்கா அடுத்த கேள்வியைக் கேட்டார். "நம்ம கோல யாரு போட்டா?"

இதற்குச் சைகை எதற்கு? முட்டு மாமா கையைக் கட்டிக்கொண்டு, ஊரே கேட்கட்டும் என்று நின்றார். மகள் யோசித்தாள். புல்லைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைத் தேடிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"நாம கோல் போட்டோமாப்பா?"

எத்தனையோ நடுவர்களோடு மல்லுக்கு நின்றவர், கட்டிய கையை அவிழ்த்து, அன்றைக்குத்தான் தேடாமலே கார் சாவியை எடுத்தார். அவருக்குப் பயமாக இருந்தது. கடையில் ஒரு லாரிச் சரக்கு நொறுங்கிய நாளில்கூட இப்படிப் பயந்ததில்லை. தன் குரலைக் கேட்டுத்தான் குதித்தாள் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிக்கு அவர் காரோட்ட, பின்னால் மகளோடு கோச் அக்கா. "தூங்கிடாத, பேசிட்டே வா" என்றார். மகள் பேசினாள்.

"கோல் யாருப்பா போட்டா?"

"நீதான் கண்ணு."

"நிஜமாவா?" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு தெரு தாண்டியதும், "கோல் யாருப்பா போட்டா?"

"நீதான் கண்ணு."

"நானா? நிஜமாவா?" மறுபடியும் அதே சந்தோஷம், புத்தம் புதிதாக. அந்தக் கோலைப் பற்றி ஊரெல்லாம் அளக்க வேண்டும் என்று இருந்தவர், போட்டவளுக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்தாள், அவர் வண்டியை இன்னும் கொஞ்சம் விரட்டினார்.

பயப்பட வேண்டாம், நல்லபடியாகவே முடிந்தது. மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வு போதும், நான் சொல்கிற வரைக்கும் பந்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் கேட்ட கேள்வியையே கேட்பது நின்றுவிட்டது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று பெருமூச்சு விட்ட மனைவி, அப்புறம் அவர் பக்கம் திரும்பினார். "யாரு பேச்சக் கேட்டுக் குதிச்சா?"

"என் பேச்சத்தான்" என்றார் அவர். எல்லா ஞாபகமும் மகளுக்குத் திரும்பிவிட்டது. அந்தக் கோல் மட்டும் வரவில்லை. தன் முதல் கோல் எப்படி விழுந்தது என்று அவளுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

டாக்டர் சரி என்ற பிறகு அவள் திரும்ப ஆட வந்தாள். முட்டு மாமாவும் வந்தார். திருந்திவிட்டார் என்கிறீர்களா? நன்றாகவே திருந்திவிட்டார். இப்போது பந்து ஒரு சாண் எழும்பினால், "விடு! விடு! கீழ வரட்டும்!" என்று அலறுகிறார். "சார், கோல்கீப்பரையாவது விட்டுடுங்க. அவளும் விட்டுட்டே இருக்கா" என்று போன வாரம் கோச் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளைகள் பெயரையும் மாற்றிவிட்டார்கள்: விடு மாமா.

சிரித்தீர்களா? சிரியுங்கள். நமக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம், நாம் கோட்டோரம் போனதே இல்லையே என்று உங்களுக்குத் தோன்றும். பந்துதான் இருக்க வேண்டும் என்று இல்லை. சைக்கிள் போதும், மாடிப்படி போதும், ஊஞ்சல் போதும். உங்கள் பிள்ளை விழுந்ததும் உங்கள் வாயில் முதலில் வருவது "எங்க பட்டுச்சு?" என்பதா, "ஒண்ணுமில்ல, எந்திரி!" என்பதா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு அது எப்போதோ தெரியும்.