அறுந்தது அறுந்தபடியே கிடக்கட்டும்

சைகோன், கான் ஹொய்,
திங்கட்கிழமை.

காரைக்காலில் வாழும் மகா கனம் பொருந்திய மச்சான் அகுஸ்தேன் அவர்களுக்கு, உம்ம தங்கச்சி மாதலேனைக் கட்டிக்கொண்டு நாற்பத்தோரு வருஷமாய்ப் பொறுமை காக்கும் இக்னாஸ் எழுதிக்கொண்டது. இங்கே தேவ கிருபையால் என் தொண்டையைத் தவிர யாவரும் சுகம். அங்கே உம்ம முழங்காலைத் தவிர யாவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

தொண்டையில் கட்டி என்று போன தபாலில் எழுதியிருந்தேன். அதற்கு ரெண்டு வழி என்றாள் டாக்டரம்மா. கதிர்வீச்சு வைத்துக் கட்டியைச் சாகடித்தால் குரல் தப்பும். கதிருக்கு மசியாத கட்டி என்றால் குரல்வளையையே வெட்டி எடுக்கணும், உயிர் தப்பும், பேச்சு போகும். உம்மைக் கிண்டல் பண்ணாமல் நான் எத்தனை நாள் உயிரோடிருப்பேன், நீரே சொல்லும். எந்த வழின்னு பார்க்க ஒரு புது ஆராய்ச்சிச் சோதனை இருக்காம். கட்டியிலேர்ந்து அரிசியளவு கிள்ளியெடுத்து, கண்ணாடித் தட்டுல உயிரோட வச்சு, அதுமேல ஒரு தடவை கதிர் அடிக்கிறாங்க. உள்ளே இருக்கிற டி.என்.ஏ. நூல் அங்கங்கே அறுந்துபோகும், சாயம் போட்டுப் பார்த்தா அறுந்த இடமெல்லாம் புள்ளிபுள்ளியா மின்னும். ஒரு நாள் கழிச்சும் புள்ளி அப்படியே இருந்தா கட்டிக்கு ஒட்டுப்போடத் தெரியலைன்னு அர்த்தம், கதிருக்குச் செத்துடும். மறைஞ்சிருந்தா, தன்னைத் தானே தைச்சுக்கிற ரகம், கதிர் வீண். ஆக, கட்டிக்கு உம்ம குணம் இருந்தா நான் பிழைச்சேன் மச்சான். உம்ம வீட்டுக் கூரை ஒழுகிப் பத்து வருஷமாச்சு, ஒரு ஓடு மாத்தினீரா?

இங்கதான் உம்ம தங்கச்சி காரியத்தைக் கெடுத்தா. இந்த விவரமெல்லாம் தெரியறதுக்கு முந்தின நாளே த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை மாதாவுக்கு, செவ்வாய்க்கிழமை அம்மனுக்குன்னு பிரிச்சு வச்சிருக்கா. அங்கே பின்பக்கக் கல்சுவத்துல நெத்தியை வச்சு, வியட்நாம்காரங்க எல்லாம் ரகசியமா வேண்டிப்பாங்க. இவளும் வச்சு, அவர் உடம்புல அறுந்தது உடைஞ்சது எல்லாத்தையும் ஒட்டவைன்னு கேட்டுட்டா. மறுநாள் டாக்டரம்மா விளக்கினதும் முகம் வெளுத்துப்போச்சு. என்னை மோட்டார் பைக்குல பின்னாடி உக்காரவச்சு, பாலத்தைத் தாண்டி, பென் தான் சந்தை நெரிசல்ல புகுந்து, மூச்சிரைக்க அதே சுவத்துக்கிட்ட போய் நின்னா. பின்னாடி பூத்தட்டோட ஒரு வரிசையே காத்திருக்கு.

"தாயே, நேத்து சொன்னதுல ஒரு திருத்தம். அந்தக் கட்டியில அறுந்தது மட்டும் அறுந்தபடியே கெடக்கட்டும். மத்ததை ஒட்டு."

கோயிலைப் பார்த்துக்கிற நாகப்பன், "மெதுவா சொல்லுங்க மதாம், அவளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் சிரிச்ச சிரிப்புல இருமல் வந்துடுச்சு. அப்புறம் விளையாட்டுக்கு நானும் நெத்தியை வச்சேன். கல்லு குளுகுளுன்னு, எத்தனையோ பேர் நெத்தி பட்டு வழவழன்னு இருந்துச்சு. ஒரு கிண்டலும் வரலை. இந்தக் குரலை வச்சுக்கிட்டு இத்தனை வருஷத்துல அவகிட்ட உருப்படியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனான்னு யோசிச்சேன். வண்டியில திரும்பும்போது சொல்லிப் பார்த்தேன். காத்துல கேக்கலை, என்னன்னு கேட்டா. பெட்ரோல் போடணும்னு சொன்னேன்னேன்.

சோதனை முடிவு நாளைக்கு வரும். நீர் முட்டிபோட்டு ஜெபிக்க வேண்டாம், தூக்கிவிட அங்கே ஆளில்லை. பிள்ளைகளுக்கு என் ஆசீர். உம்மைச் சகிக்கும் பெண்சாதி எலெனுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
இன்னும் வாயுள்ள
இக்னாஸ்

பி.கு.: நாளைக்கு என்று எழுதினது பொய். காகிதம் வந்து மூணு நாளாச்சு. புள்ளி அத்தனையும் மறைஞ்சுபோச்சு, கட்டி நல்ல தையல்காரன். வியாழக்கிழமை ஆபரேஷன், இது உம்ம கைக்கு வர்றப்ப எனக்குக் குரல் இருக்காது. உம்ம தங்கச்சிகிட்ட சோதனை மெஷின் ரிப்பேரு, அதனால வெட்டியே எடுத்துடலாம்னு டாக்டரம்மா முடிவு பண்ணிட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். தான் முதல்ல வேண்டினதுதான் பலிச்சிடுச்சுன்னு அவ நினைச்சிடக் கூடாது, நீரும் காட்டிக்கொடுக்காதீர். பெட்ரோல்னு மழுப்பின சமாசாரத்தை நேத்து வண்டியை நிறுத்த வச்சு அவகிட்ட சொல்லிட்டேன். நீர் போன் பண்ணி என்னை நல்லாத் திட்டும், இந்த ஒரு தடவை குறுக்கே பேச மாட்டேன். போன்ல ரெண்டு தட்டு கேட்டா, சிரிக்கிறேன்னு அர்த்தம்.